நாலாவது கால்

பெரட்டு முடிந்து கொழுந்து பறிக்க மலையேறும் பெண்களுக்கு முன்னால் ஓடுகிற நாய், ஒரு நாள் பின்தங்குகிறது. முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. சுளுக்கென்று எண்ணெய் தேய்க்கிறோம், மஞ்சள் பற்றுப் போடுகிறோம். மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, தொட்டால் உறுமும் வரைக்கும் நாட்கள் போய்விடுகின்றன.

நம் மலைகளில் முள் குத்தியும் நாய் நொண்டும், பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிக்கியும் நொண்டும். ஆனால் அந்த வீக்கம் ஒஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றாகவும் இருக்கலாம். பங்களாக்களில் வளரும் ரொட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்கே இது அதிகம். லயத்து நாய்க்குக் குறைவு, வராது என்பதில்லை.

காலை வெட்டாமல் காக்கும் சிகிச்சை உண்டு. 1980களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வித்ரோவின் குழு இதை வளர்த்தெடுத்தது. புற்றுப் பிடித்த எலும்பை அறுத்தெடுத்து, இறந்த நாயின் எலும்பையோ உலோகத் துண்டையோ வைத்து, தகடும் திருகாணியும் கொண்டு பூட்டுவார்கள். மணிக்கட்டு பிறகு மடங்காது. நாய் அதைப் பழகிக்கொள்ளும். தோளிலோ முழங்காலிலோ புற்று வந்தால் இந்த வழி சரிப்படாது. மணிக்கட்டில் செய்தாலும் ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் புண்ணில் கிருமி பிடிக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும், பெரும்பாலும் நுரையீரலுக்கு. காலை மட்டும் எடுத்தால் நாய் சுமார் ஐந்து மாதம் வாழும். கீமோதெரபியும் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு வருடம். காலைக் காத்தாலும் அதே கணக்குத்தான். நான்கு கால் வேண்டுமென்ற ஆசை பெரும்பாலும் நம்முடையது. நாய்க்கு வேண்டியது வலியில்லாத நாள். மற்ற கால்கள் நன்றாக இருந்தால், மூன்று காலோடு அது கானைத் தாண்டும், படியேறும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். தோட்டச் சம்பளத்தில் வாழும் வீட்டைப் பார்த்து, பெரிய சிகிச்சை ஏன் செய்யவில்லை என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. மருத்துவர் தரும் வலி மருந்தும், அந்த மருந்தும் பலிக்காத நாளில் வேதனையில்லாமல் கண்மூட வைப்பதும் அன்புதான். அந்த முடிவைத் தள்ளிப்போட்டு, கத்தும் உயிரைச் சங்கிலியில் விட்டுவைப்பதுதான் பாவம்.

இரண்டு வாரம் கடந்தும் நாய் நொண்டினால் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்துங்கள். மனிதருக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பக்கத்து மிருக வைத்தியரிடமோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்கோ கொண்டுபோய் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.