சுரைக்குடுக்கை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்த நாளுக்கும் முதல் வகுப்புக்குப் போன நாளுக்கும் நடுவே எனக்கு ஏழு மாதம் ஆனது. பணம் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஆகும் டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் கெட்ட பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் நான் சொன்ன பதில் வேறு: “பிரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன்.”

பொய் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. காற்று, வானிலை, கருவிகள் பற்றி ஒன்று, விமானத்தைக் கையாள்வது பற்றி இன்னொன்று. இரண்டையும் படித்தேன். பிறகு வுல்ஃப்காங் லாங்கவீஷ எழுதிய ‘ஸ்டிக் அண்ட் ரடர்’. 1944இல் வந்த புத்தகம். இன்றும் மாணவர்கள் கையில் இருக்கிறது. இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது அதன் கட்சி. விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையும் விமானம் போகும் திசையும் ஒன்றல்ல என்று புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

படிப்பு ஒரு பக்கம். மறுபக்கம் மேசையில் ஒரு யோக், காலடியில் ரடர் பெடல்கள், மூன்று திரைகள். திரைக்குள் செஸ்னா 172. 55 நாட் வந்ததும் மூக்கை மெல்லத் தூக்கு, 74இல் ஏறு, எஞ்சின் நின்றால் 68இல் சறுக்கு. பல் தேய்க்கும்போது கேட்டாலும் சொல்வேன். பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்தின் சுமார் 2,400 அடி ஓடுதளத்தில் முந்நூறு தடவையாவது இறங்கியிருப்பேன். மொத்தம் இருநூறு மணி நேரம். அறைக் கதவைத் திறந்து மனைவி கேட்பாள்: “ஆபீஸ் காலா, ஆகாயமா?”

ஒருநாள் வீடியோ காலில் அப்பாவுக்கு இதைக் காட்டினேன். அப்பா தாராபுரம் பக்கத்து ஊர்க்காரர். விமானத்தில் ஏறியதே இரண்டு முறைதான். நான் அழகாக ஒரு தரையிறக்கம் செய்து காட்டினேன்.

“அட, நெசமாட்டவே இருக்குதே. ஏங்கண்ணு, உளுந்தா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாதுங்கப்பா. மறுபடி ரன்வேல கொண்டாந்து நிறுத்தீரும்.”

“அப்புறம் எப்படிப் பழகும்?”

சிரித்துவிட்டு போனை வைத்தேன். கேள்வி மட்டும் போகவில்லை.

அறிவதில் இரண்டு வகை உண்டு, ஒன்றை ‘இன்னது’ என்று அறிவது, ஒன்றை ‘எப்படி’ என்று அறிவது. இரண்டாவதை முதலாவதாகச் சுருக்கிவிட முடியாது. 1949இல் வந்த ‘தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்’ நூலில் கில்பர்ட் ரைல் இதை விரிவாக வாதிடுகிறார். நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழியே போதும்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. புத்தகம் என்றால் ஏடு, வானம் என்றால் கறி, அதுவரை சரி. சிமுலேட்டரை எங்கே வைப்பது? அதில் கை வேலை செய்கிறது, கால் வேலை செய்கிறது. தப்பு செய்து, திருத்தி, மறுபடி செய்கிறோம். ரைலின் கணக்குப்படி அது ‘எப்படி’யின் பக்கம்தான் சேர வேண்டும்.

சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி சிமுலேட்டரில், பயிற்சியாளரோடு உட்கார்ந்து செய்தால், அதில் பொதுவாக 2.5 மணி நேரம் வரை கணக்கில் வரும். என் வீட்டு மேசைக்குப் பூஜ்யம். இதே சட்டம், பெரிய விமானங்களில் அனுபவமுள்ள ஒரு விமானி வேறொரு ரக விமானத்துக்கு மாறும்போது, முழுப் பயிற்சியையும் சிமுலேட்டரிலேயே முடிக்க அனுமதிக்கிறது. அவர் அந்த ரகத்தை முதன்முதலில் நிஜத்தில் ஓட்டும் அன்று பின்னால் பயணிகளே உட்கார்ந்திருக்கலாம். முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. தெரிந்தவனுக்கு ஏன் அவ்வளவு, தெரியாதவனுக்கு ஏன் இவ்வளவு கம்மி?

சிமுலேட்டரின் பூர்வீகத்தைப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். அந்த வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளை வைத்தே 1920களின் இறுதியில் ஆடி அசையும் ஒரு பொம்மை விமானத்தைச் செய்தார். ஆரம்பத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது. அதில் உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவர்கள். மேகத்துக்குள் கண் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதுதான் அவர்கள் பழகியது. மூடிய பெட்டி அதற்குப் பொருத்தம். வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத பறத்தல் அது. எது நிஜம் மாதிரி, எது இல்லை என்று அவர்களுடைய உடம்புக்கு ஏற்கெனவே தெரியும்.

எனக்குத் தெரியாது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை காலையில்.

பயிற்சியாளருக்கு அறுபதை ஒட்டிய வயது. விமானத்தைச் சுற்றி நடந்து சோதிக்கும்போதே கேட்டார், இதற்கு முன் ஓட்டியது உண்டா என்று. “சிமுலேட்டரில் கொஞ்சம்” என்றேன். இருநூறு மணி நேரத்தை ‘கொஞ்சம்’ ஆக்கியது தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நன்றாக ஓட்டும்போது அவர் ஆச்சரியப்பட வேண்டும், பிறவித் திறமை என்று நினைக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

தரையில் உருளும்போதே யோக்கை கார் ஸ்டியரிங் மாதிரி திருப்பினேன். தரையில் விமானத்தைத் திருப்புவது கால். இது எனக்குத் தெரியும், பெடல் வைத்து எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஆனாலும் உண்மையான தார்ச்சாலையில் உண்மையான சக்கரம் உருண்டதும் கைக்குப் பதினைந்து வருடத்து கார் ஞாபகம்தான் வந்தது. மேலே ஏறிய பிறகு நிலைமை பரவாயில்லை. என் வீட்டு யோக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, விட்டால் நடுவுக்கு வந்துவிடும். இங்கே காற்றே கையைத் தள்ளுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் கூடுகிறது. டிரிம் சக்கரம் எதற்கு என்று புத்தகத்தில் நாலு பக்கம் படித்தது, அதைச் சுழற்றிக் கையிலிருந்த பாரம் கரைந்தபோது ஒரு நொடியில் புரிந்தது. இந்த இடத்தில் புத்தகத்தைப் பாராட்ட வேண்டும். அது சொன்ன வாக்கியம் எனக்குள் காலியாகவே காத்திருந்தது, அனுபவம் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. சிமுலேட்டர் அந்த இடத்தைக் காலியாக வைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தது. ஏட்டுச் சுரைக்காய் ஒருநாளும் தன்னைக் காய் என்று சொல்லிக்கொண்டதில்லை. அந்த நேர்மைக்காகவாவது பழமொழி அதைக் கொஞ்சம் மன்னித்திருக்கலாம்.

சான்டா குரூஸ் மலைகளைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனோம். “இப்போது உங்கள் கையில்” என்றார். “என் கையில்” என்றேன். “உங்கள் கையில்” என்று மறுபடி உறுதி செய்தார். விமானம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக மூன்று முறை சொல்லும் வழக்கம் இது. நான் உயரத்தை மூவாயிரம் அடியில் ஆணி அடித்த மாதிரி வைத்திருந்தேன். பெருமை. கண் கருவிப் பலகையை விட்டு நகரவில்லை. திடீரென்று அவர் குரல், கொஞ்சமும் ஏறாமல்: “என் கையில்.” விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. இடது ஜன்னலில், எங்கள் உயரத்திலேயே, வெள்ளையாக ஒரு சிறிய விமானம் கடந்து போனது. ஆபத்தான நெருக்கம் இல்லை. ஆனால் அதற்குள் இருந்தவரின் தொப்பி எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் என் இடது கட்டைவிரல் யோக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. வீட்டில் பாஸ் பட்டன் இருக்கும் இடம் அது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, இதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. என் கம்ப்யூட்டர் கொஞ்சம் பழசு. மற்ற விமானங்களையும் சேர்த்துக் காட்டினால் திரை திக்கும் என்பதற்காக, முதல் வாரத்திலேயே செட்டிங்ஸில் போய் அவற்றை ஆஃப் செய்திருந்தேன். இருநூறு மணி நேரம் என் வானத்தில் வேறு மனிதர்களே கிடையாது. அப்படி ஒரு வானத்தில்தான் நான் கெட்டிக்காரன் ஆகியிருந்தேன்.

இறங்கி, கயிறு கட்டும்போது கேட்டார்: “சிமுலேட்டரில் எவ்வளவு நேரம்? உண்மையான எண்ணைச் சொல்லுங்கள்.” சொன்னேன். தலையாட்டினார். கை, புதியவரின் கை மாதிரி இல்லை, கண் புதியவரைவிட மோசம், முன்பே சொல்லியிருந்தால் முதல் நிமிடமே கருவிகளைக் காகிதத்தால் மறைத்திருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாங்கள் சாஃப்ட்வேரில் ஸ்டேஜிங் என்று ஒன்று வைத்திருப்போம். புரொடக்‌ஷனை அப்படியே நகல் எடுத்த மாதிரி, ஆனால் உண்மையான பயனர்கள் இல்லாமல். ஸ்டேஜிங்கில் ஓடிய கோட் நேரலையில் விழுவது எங்களுக்குப் புதிதல்ல. டேட்டா வித்தியாசம், லோடு வித்தியாசம் என்று அறிக்கை எழுதுவோம். ‘அங்கே யாரும் இல்லை’ என்று எழுதியதில்லை.

தயாராவது ஒரு நல்ல குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவருக்குத் தொந்தரவு கொடுக்காமல், தப்புகளையெல்லாம் தனியாக வீட்டிலேயே செய்து தீர்த்துவிட்டுப் போவது நாகரிகம் இல்லையா? பாதி சரி. மீதிப் பாதி, என் தெரியாமையை யாரும் பார்க்கக்கூடாது என்ற வெட்கம். கற்றுக்கொடுப்பவருடைய வேலையோ என் தெரியாமைக்குப் பக்கத்தில் உட்காருவது. இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானத்தில் அவர் தன் உயிரையே அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார். அப்படி உட்காருபவரிடம் மாணவன் மறைக்கக்கூடாத ஒன்று உண்டென்றால், தனக்கு எது எவ்வளவு தெரியும், எங்கிருந்து தெரியும் என்பதுதான். அந்த ‘கொஞ்சம்’ என்ற ஒரு சொல்லால் நான் பணயம் வைத்தது என்னை மட்டும் இல்லை.

ரைட் சகோதரர்களைப் பற்றி யோசிப்பேன். அவர்களும் வாசிப்பில்தான் தொடங்கினார்கள். பறத்தல் பற்றி என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று கேட்டு வில்பர் ஸ்மித்சோனியனுக்குக் கடிதம் எழுதியது 1899 மே 30. 1901இல் தங்கள் சைக்கிள் கடையிலேயே காற்றுச் சுரங்கம் கட்டி விதவிதமான இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். ஆனால் பறந்து பழக கிட்டி ஹாக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு, அங்கே காற்று பலமாக வீசும் என்பதோடு மணல் மெத்தென்று இருக்கும் என்பதும் காரணம். வீழ்ச்சியை அவர்கள் ஆஃப் செய்யவில்லை. விழ ஓர் இடம் பார்த்துவைத்தார்கள்.

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். எதிரே வந்த விமானத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். அவர் நீச்சல் பழகிய கதையை ஆரம்பித்தார். நூறு தடவை கேட்டதுதான். காய்ந்த சுரைக்குடுக்கையை, எங்கள் பக்கத்தில் சொரப்புருடை என்போம், முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும், பயம் அத்தனையும் இருக்கும், முங்கிப்போவது மட்டும் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் குடுக்கைக்கு மாற்றுவார்கள். எனக்கு அதே கிணற்றில் பிளாஸ்டிக் கேன்.

“உங்களுக்கு யாருங்கப்பா கட்டிவிட்டா?” இதை நான் கேட்டதே இல்லை.

“எங்க மாமந்தான். அவனுக்கே அப்பப் பதினஞ்சு வயசு இருக்கும். கட்டிவிட்டுட்டு அவனும் கூடவே குதிப்பான். நாம்பாட்டுக்கு அவங் கழுத்தப் புடிச்சுத் தொங்குவேன், ரெண்டு பேரும் சேந்து முங்குவோம்.” சற்று நிறுத்தினார். “உனக்குப் பக்கத்துல ஆளு இருந்தாங்களா கண்ணு?”

“இருந்தாங்கப்பா.”

“அவங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

அடுத்த வகுப்பு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. கருவிகளை மறைக்க ஒட்டுக் காகிதம் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.