பொம்மைக்கும் பொட்டு வைக்கலாமா

சிவகாசியில் அடுத்து எந்தக் காமிக்ஸ் வரும் என்று சந்தா கட்டிக் காத்திருப்பவன் நான். ஆணை விரும்பும் ஆண். முதல் சங்கதி எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் கூரியர் பையனுக்குத் தெரியும், இரண்டாவது யாருக்கும் தெரியாது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அவன் யாரென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மார்வெல் காமிக்ஸ் நாயகன் நார்த்ஸ்டார் 2012இல் கைல் என்ற தன் காதலனை மணந்தான். அவன் பொம்மை என் அலமாரியில் நிற்கிறது. தூசி தட்டும்போது அம்மா கேட்டாள்: "ஏம்ப்பா, இதுக்கும் பொட்டு வெக்கணுமா?"

கேலிதான், ஆனால் கேள்வி நியாயமானது. விக்கிரகத்துக்குப் பிரதிஷ்டை உண்டு, பொம்மைக்கு இல்லை என்பார்கள். சதுர்த்திக்குக் கடையில் வாங்கும் களிமண் பிள்ளையாருக்கு எந்தக் குருக்கள் வந்தார்? என் போன்றவனுக்கென்று ஒரு சாமியைத் தேடினால், எங்கள் மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே அறுத்து அழுகிறார்கள். கண்ணன் மோகினியாகி அரவானை மணந்த கதை அது. அவர்கள் சாமியை நான் உரிமை கொண்டாட முடியாது. ஓரமாக நின்று கும்பிடலாம்.

காசுக்கு விற்கிற உருவத்தில் என்ன பக்தி என்கிறான் நண்பன். கூலி வாங்காமல் எந்த ஸ்தபதி சாமி செய்தார்? எனக்கு உறுத்துவது விலை மட்டும்தான். அடுத்து வரும் ஜோடிப் பொம்மைக்கு இப்போதே சீட்டு போட்டிருக்கிறேன்.