விடுவதும் விடாமையும்

விடாமுயற்சியைப் புகழாத நீதிநூல் நம் மொழியில் அரிது. ஆயினும், எடுத்த காரியத்தை எப்போது விடல் வேண்டும் என்று கேட்டால் நம்மில் பலரும் வாய் திறவோம். விட்டவனைக் கோழை என்பதும் விடாதவனை வீரன் என்பதும் உலக வழக்காய்விட்டன. இவ்வழக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

போதிசத்துவர் ஆறாண்டுக் காலம் உடலை ஒறுத்துத் தவம் இயற்றினார். எலும்பும் தோலுமாய் ஒடுங்கியபின், இவ்வழியில் ஞானம் கிட்டாதெனத் தெளிந்து, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டார். அவர் நெறி தவறினார் என்று உடனிருந்த ஐவரும் இகழ்ந்து அகன்றனர். இங்கே நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவர் வருத்தியது தம் உடலையே. பிறர் உடலை அன்று. பட்டினியின் வலியும், அது பயன் தரவில்லை என்னும் அறிவும் ஓரிடத்தே இருந்தன. ஆதலின் விடவேண்டிய வேளையை அவர் அறிந்தார். வலி ஒருவரிடத்தும் முடிவு செய்யும் உரிமை வேறொருவரிடத்தும் இருக்குமாயின் நிலைமை என்னாகும்?

இதற்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலே போதும். நம் வாசகருள் அவ்வூரோடு உறவற்றவர் சிலரே.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாகச் சென்று குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம், பெங்களூர் நகரம் விளக்கேற்று முன்பே, அச்சுரங்கங்களுக்குச் சென்றது. ஆழம் செல்லச் செல்லப் பொன் அருகியது. பொன் அருக அருக இன்னும் ஆழமாய்த் தோண்டினர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் தாங்கவொண்ணாதது. எதிர்பாராத வேளையில் பாறை வெடித்துச் சிதறும். கல்தூசியைச் சுவாசித்தவரின் நுரையீரல் நாளடைவில் இறுகிப்போம். இதனைப் பொறியியலின் வெற்றி எனப் போற்றுவார் உளர். வெற்றிதான்; மறுக்கவில்லை. ஆனால் இலண்டனில் அமர்ந்து கணக்குப் பார்த்தவருடைய மூச்சில் அத்தூசி இல்லை.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; பின்னர் அவை மத்திய அரசின் வசமாயின. வரவைவிடச் செலவு மிகுந்தது என்று 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. மூடியது பிழை என்று கூற நான் முன்வரேன். பொன்னற்ற பாறையை எக்காலமும் குடைந்துகொண்டிருத்தல் அறிவாகாது. எனினும், தொடர்ந்தபோது வலியைச் சுமந்தவர் எவரோ, விட்டபோது இழப்பைச் சுமந்தவரும் அவரே. வேலை போயிற்று, நோய் போகவில்லை. சயனைடு கலந்த மண்மேடுகளும் ஊரருகே அப்படியே நின்றன. விடாமையும் பிறர் தோளில், விடுதலும் பிறர் தோளில் என்றால், அவ்விரண்டில் எதனைத் துணிவென்று பாராட்டுவது?

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். 'இவ்வளவு பாடு எதற்கு? ஊரை விட்டு இங்கேயே குடிவரலாகாதா?' என்று பெங்களூரில் வாழும் நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். நானும் அவ்வாறு ஓர் இளைஞரைக் கேட்டவனே. அவர் கோபிக்கவில்லை. "ஐயா, உங்கள் ஊர் வாடகைக்கு என் சம்பளம் பாதி போய்விடும். அதையாவது பொறுக்கலாம். எங்கள் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். இரவெல்லாம் இருமுவார். அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்" என்றார்.

ரயிலுக்கு நேரமாயிற்றென்று அவர் எழுந்து சென்றார். அதன்பின் அக்கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை.