எண்ணெய்க் கரண்டியின் கொள்ளளவு

பிறர் சமைத்துப் படைக்கும் உணவில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை உண்பவர் கணக்கிட முடியுமா என்ற கேள்வி, மருத்துவரின் அறையிலிருந்து கிளம்பி இன்று காவிரிப் படுகையின் பந்திவரை வந்து சேர்ந்திருக்கிறது. உணவியலில் கலோரி எனப்படுவது ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமாகும். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் வழங்கும் வாய்பாடு, அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு தெரிவிப்பதால், இந்த வாய்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இலை முன் அமர்பவர்கள் இனிச் சிலராக மட்டும் இருக்கமாட்டார்கள்.

இக்கேள்வியை ஓயவிடாமல் செய்தது, திருவையாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. நாளொன்றுக்கு 1,500 கலோரிக்கு மேல் உண்ணலாகாது என்று பணிக்கப்பட்ட ஒருவர், உறவினர் வீட்டில் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய பின், வற்றல் குழம்பில் நல்லெண்ணெய் எவ்வளவு விட்டீர்கள் என்று தம் அத்தையைக் கேட்டார். அத்தை உள்ளே போய், எண்ணெய்த் தூக்கில் கிடந்த கரண்டியை எடுத்துவந்து, "இதுலதாம்ப்பா, ரெண்டு" என்று காட்டினார். கேட்டவர் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தக் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது 15 மில்லிலிட்டர் கொள்ளுமானால் இரண்டு கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 250 கலோரி இருக்கும்; 40 கொள்ளுமானால் 650ஐத் தாண்டும். இந்த வேறுபாட்டைப் பந்தியில் இருந்தவர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஏனெனில் சுண்டக் காய்ந்த வற்றல் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது. விருந்தாளிக்கே முதலில், அதுவும் மேலாகவே அள்ளி ஊற்றப்படுகிறது. அடியில் கிடக்கும் புளிச்சாறும் வற்றலும் கடைசியாக உண்ணும் வீட்டாருக்குப் போகின்றன. ஆகவே கணக்கில் எவருக்கு அக்கறை மிகுதியோ அவருடைய இலையிலேயே சராசரியைவிட மிகுந்த எண்ணெய் விழுகிறது. மரியாதையே பிழையின் ஊற்றாக இருக்கும் இந்நிலையை எந்த அட்டவணையும் திருத்திக் கொடுப்பதில்லை.

அட்டவணைகள் இல்லாமலில்லை. 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் தலைமையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வுக்கெனத் தொடங்கிய சிறு பிரிவே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. குன்னூரில் இருந்த காலத்திலேயே, 1937இல், வாலஸ் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக்கி வெளியிட்டார். 2017இல் அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் 528 உணவுப்பொருள்கள் இடம்பெற்றுள்ளன. ஆனால் இவை பெரும்பாலும் சமைக்கப்படாத பொருள்களின் கணக்குகள். நூறு கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 350 கலோரி என்பது உலை வைப்பவருக்குப் பயன்படும். சோறாகிவிட்டால், கஞ்சி வடித்ததா குக்கரில் குழைந்ததா என்பதற்கேற்ப நீரின் பங்கு மாறி, அதே நூறு கிராம் எடைக்கு 130க்கு அருகில் ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். இந்த அறிவு முழுவதும் அடுப்பின் முன் நிற்பவருக்கே உரியதாகையால், இலை முன் அமர்பவர் அவரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுப்பின் முன் நின்றவர்கள் அளவறியாதவர்களும் அல்லர். அரைநூற்றாண்டுக்கு முன் டெல்டாக் கிராமங்களில் சிறுவயதைக் கழித்தவர்களுக்கு, உலைக்கு அரிசி எடுக்கும் நேரம் நன்கு நினைவிருக்கும்: குதிரிலிருந்தோ பானையிலிருந்தோ ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று அளந்து, சில வீடுகளில் அதிலிருந்தும் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் சேர்த்து வைப்பார்கள். வாசலில் எதிர்பாராத ஆள் வந்து நின்றால் அந்தக் கணக்கு சொல்லாமலே திருத்தப்படும். தாய்மார் தம் பங்கைக் குறைத்துக்கொண்டது பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அளவு இருந்தது, அது உண்பவர் காதுக்குப் போகாமல் காக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, அளவை ஊரறியச் சொன்ன இடங்களும் இதே மண்ணில் உண்டு. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், திருவமுதுக்கான அரிசியையும் பருப்பையும் நெய்யையும் நாழி, உழக்கு, ஆழாக்கு என வகுத்துரைப்பதோடு, தானியம் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்ற பெயரையும் குறிக்கின்றன. இன்றைய மதிய உணவு நெறிமுறை தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியமும் 5 கிராம் எண்ணெயும் ஒதுக்கி, 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்கிறது. கோயிலிலும் பள்ளியிலும் படைப்பவர் பிறர் பொருளைக் கையாள்கிறார். ஆகவே ஒவ்வோர் ஆழாக்குக்கும் அவர் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்வதில் இழுக்கில்லை. தன் பொருளைத் தன் கையால் கொடுக்கும் வீட்டுப் பெண்ணிடம் அதே விடையைக் கோருவது அவரைப் பண்டகசாலைக் காப்பாளராக்கிவிடும் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

ஆயினும் அது முழு உண்மையன்று. சமைத்தவரின் மனம் நோகக்கூடாதென்று கேளாமல் உண்டு, இரவில் மாத்திரையோடும் அச்சத்தோடும் படுப்பவருக்கு அந்த மரியாதையால் நன்மை ஏதுமில்லை. உண்மை தெரிந்தால் சமைத்தவரும் அதை விரும்பமாட்டார். மேலும் அந்த அத்தை வாயால் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. கருவியையே கொண்டுவந்து காட்டினார். கணக்குக் கேட்கப்பட்டதால் புண்பட்டு முன்வைத்த சான்றா அது, அல்லது கேட்டவருக்குச் சரியான விடை கிடைக்கட்டும் என்ற அக்கறையா? முன்னதாக இருந்தால் கேள்வி தவறு. பின்னதாக இருந்தால், கரண்டியைக் கையில் வாங்கி நீர் நிரப்பி அளந்து பார்க்காமல் பேச்சை மாற்றியதுதான் தவறு. அத்தையின் முகத்தை அப்போது ஒருவரும் கூர்ந்து நோக்காததால் இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல வழியில்லை. அடுத்த முறை அந்த வீட்டில் விருந்தாளி கேட்டுவிட்டு உண்பதா, குழம்பைத் தொடாமல் மோருக்குப் போவதா, எது அத்தைக்குக் குறைந்த வருத்தம் தரும் என்பதும் இன்னும் விளங்கவில்லை.