ஓட்டுபவருக்கு ஒரு வண்டி, ஏற்றிச் செல்லப்படுபவருக்கு?

நடக்க முடியாதவரின் போக்குவரத்துக்குத் தரப்படும் பணம் தருமமா, உரிமையா என்ற கேள்விக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே விடை சொல்லிவிட்டது. சலுகை அளிப்பது, வாகனங்களை மாற்றியமைப்பது, நடமாட்டத்துக்குத் துணை தருவது ஆகியவற்றுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை அதன் 41-ஆம் பிரிவு அரசிடம் ஒப்படைக்கிறது. எஞ்சியிருப்பது அதைவிடக் கடினமான கேள்வி: பணம் எல்லோருக்கும் போதாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது நியாயம்? திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரையும் அதன் மேற்கே எழும் ஜவ்வாது மலையையும் வைத்துப் பார்த்தால், இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியல்ல.

தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் இருப்பதால், வண்டி நின்றாலும் கால் ஊன்ற வேண்டியதில்லை. இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு உரியது இது. படிப்பவர், வேலைக்குச் செல்பவர், சுயதொழில் செய்பவர் ஆகியோரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. இதனால் கடை வைத்தவர்கள் உண்டு, கல்லூரி போனவர்கள் உண்டு. நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கழுத்துக்குக் கீழே அசைவற்றவர், தசைச்சிதைவு நோய் முற்றியவர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை ஆகியோர் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தேவை, சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றும் சாய்தளம் உள்ள வேன், ஓட்டுவதற்கு இன்னொருவர். அந்த வேனின் விலை பல லட்சம். மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கு வரிச்சலுகை இருக்கிறதே என்றால், அது வாங்க முடிந்தவருக்குத்தான் பயன்படும். வாங்கவே வழியில்லாதவருக்கு வரியைத் தள்ளுபடி செய்வதால் ஒன்றும் கிடைப்பதில்லை.

உழைப்பவருக்கு முன்னுரிமை தருவதற்கு வலுவான வாதம் உண்டு. ஒரு வேனின் விலையில் பல ஸ்கூட்டர்கள் வாங்கலாம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கு வருமானம் தரும். இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆயினும் இந்தக் கணக்கு ஒருவரின் நடமாட்டத்தை அவர் சம்பாதிப்பதைக் கொண்டே மதிப்பிடுகிறது. ஒரே தொகை எல்லோருக்கும் ஒரே ஆற்றலைத் தராது என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1979-இல் ஆற்றிய உரையில் சுட்டிக்காட்டினார். உடல் குறைபாடு உள்ளவர் மற்றவர் அடையும் அதே நிலையை எட்டக் கூடுதல் செலவு ஆகிறது. அந்தக் கூடுதலைக் கணக்கில் எடுக்காத சமத்துவம் பெயரளவுக்கானது.

ஓட்டுபவரை மட்டும் கருதாமல் ஏற்றிச் செல்லப்படுபவரையும் கணக்கில் எடுக்கும் பாதையில் பிரிட்டன் ஏற்கனவே நடந்திருக்கிறது. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தந்த மூன்று சக்கர நீல வண்டியில் ஒருவர்தான் அமர முடிந்தது. வண்டி ஓட்ட முடியாதவருக்கு அது உதவவில்லை. 1977-இல் தொடங்கிய மோட்டபிலிட்டி திட்டம், உதவித்தொகையைக் கொண்டு கார் குத்தகைக்குப் பெற வழி செய்தது. பயணியாக மட்டும் போகிறவரும் அதில் பயனாளி ஆனார்.

ஓட்டுபவருக்கும் ஏற்றிச் செல்லப்படுபவருக்கும் உள்ள இந்த வேறுபாடு ஜவ்வாது மலையில் இன்னும் கூர்மை பெறுகிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பேருந்து நிறுத்தம் வரையிலான தூரமே பெரும்பாடு; பேருந்து வந்தால் அதன் உயரமான படியில் ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். கட்டணச் சலுகை அட்டை கையில் இருந்தும் படி ஏற முடியாதவருக்கு அந்தச் சலுகை இல்லாததற்குச் சமம். கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மலையிலிருந்து போளூர் அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை வாடகை வண்டி பேசினாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மருத்துவச் சான்று, அடையாள அட்டை, திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மனு என உதவி கேட்பதற்கே பயணம் தேவை. அதனால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரே வரிசையில் கடைசியில் நிற்கிறார். மலையிலேயே முகாம் நடத்திச் சான்றும் அட்டையும் வழங்குவது சலுகை ஆகாது. பயனாளிகளை முறையாகத் தேர்வு செய்ய அது முதல் நிபந்தனை.

ஒவ்வொருவருக்கும் வேன் தர இயலாதென்றால், சாய்தளம் உள்ள ஒரு பொது வேனை ஜமுனாமரத்தூரில் நிறுத்தி ஓட்டுநரை அமர்த்துவது நடைமுறைக்கு ஏற்றது. ஸ்கூட்டர் திட்டத்தை இதற்காகக் குறைக்கத் தேவையில்லை. அதே சமயம், அந்த வண்டி மருத்துவமனைக்கு மட்டும்தான் என்று விதி போட்டால், ஏறுகிறவர் நோயாளியாக மட்டுமே நடத்தப்படுவார். உறவினர் திருமணத்துக்கும் போளூர்ச் சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் முன்பதிவு செய்யலாம், எதற்காகப் போகிறார் என்று கேட்கக் கூடாது என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும்.