கையெழுத்துப் போட்டவர்

2008 நிதி நெருக்கடியை ஒட்டி, வீட்டுக் கடன் மோசடிக்காக அமெரிக்காவில் குற்றவியல் வழக்கில் நிறுத்தப்பட்ட வங்கி ஒன்றே ஒன்று. அதன் பெயர் அபாகஸ் ஃபெடரல் சேவிங்ஸ் பேங்க். உலகத்தையே ஆட்டிவைத்த பெரிய வங்கிகளின் வரிசையில் அதைத் தேட வேண்டாம்; நியூயார்க்கின் சைனா டவுனில் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்து வழக்கறிஞரான தாமஸ் சங், தம் மக்களுக்குப் பெரிய வங்கிகள் கடன் தர யோசிப்பதைப் பார்த்து 1984இல் தொடங்கிய குடும்ப வங்கி.

2009 டிசம்பரில் ஒரு வீட்டுக் கடனுக்குக் கையெழுத்தாகும் நேரத்தில், கடன் அதிகாரி ஒருவர் வாடிக்கையாளரிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தது வெளியே வந்தது. வங்கி அவரை வேலையைவிட்டு நீக்கியது. கண்காணிப்பு அதிகாரிகளுக்கும் தானே தகவல் சொன்னது. இரண்டரை வருடம் கழித்து, 2012 மே மாத முடிவில், மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அந்த வங்கியின் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். முன்னாள் ஊழியர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, கேமராக்களுக்கு முன்னால் நீதிமன்றத் தாழ்வாரத்தில் வரிசையாக நடத்தப்பட்டார்கள். எந்தப் பெரிய வங்கியின் தலைவரும் அப்படி நடந்ததாக ஒரு படமும் கிடையாது.

ஊழியர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. சைனா டவுனில் பரிமாறுபவருக்கும் தையல்காரிக்கும் சம்பளம் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் வரும். சம்பளச் சீட்டு இருக்காது. ஆகவே விண்ணப்பத்தில் வருமானம் கூடியது, வேலையின் பெயர் உயர்ந்தது. மாமனோ சித்தியோ கைமாற்றாகத் தந்த பணம், திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று கடிதமாக வந்து கோப்பில் உட்கார்ந்தது. எல்லாமே பொய்தான். அமெரிக்க மத்திய சட்டம் இந்தப் பொய்யை மிகக் கடுமையாகப் பார்க்கிறது: கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதினால் 30 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். வங்கிக்கு நட்டம் வந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அபாகஸ் வழக்கு நடந்ததோ மாநிலச் சட்டத்தின்படி, அதுவும் திருட்டு உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில். திருட்டுக் கொடுத்தவராகக் காட்டப்பட்டது, அந்தக் கடன்களை வங்கியிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்ட ஃபேனி மே நிறுவனம். கடன் வாங்கியவர்களோ தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாராக்கடன் நாட்டின் சராசரியைவிட மிகக் குறைவு. ஃபேனி மே அவற்றில் லாபம்தான் பார்த்தது. திருட்டுக் கொடுத்தவர் லாபம் பார்த்த திருட்டை ஜூரிகளுக்குப் புரியவைக்க நான்கு மாதங்கள் ஆயின. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி யார் என்றால், பணம் வாங்கி மாட்டிக்கொண்ட அதே கடன் அதிகாரி. 2015 ஜூனில் வங்கி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானது. அதற்குள் வழக்குச் செலவு ஏறக்குறைய ஒரு கோடி டாலர்.

நெருக்கடிக்கு முன் நாட்டின் மிகப் பெரிய வீட்டுக் கடன் நிறுவனமாக இருந்தது கலிஃபோர்னியாவின் கன்ட்ரிவைட். 2007இல் அங்கே ஒரு திட்டம் வந்தது. கடன் கோப்பைச் சரிபார்த்து நிறுத்திவைக்கும் கட்டங்கள் எடுக்கப்பட்டன. ஊழியரின் வருமானம், கடன் தேறுமா என்பதை விட்டு எத்தனை கடன் முடிந்தது என்பதோடு கட்டப்பட்டது. சிவில் வழக்கு நடந்து, 2013இல் ஜூரி மோசடி என்றது. மறு ஆண்டு 127 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடன்களை விற்க ஒப்பந்தம் போட்ட அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, பிறகு வேண்டுமென்றே மீறியிருந்தாலும் அது ஒப்பந்த மீறல்தான் என்பது தீர்ப்பு. சட்ட நூலை வைத்துப் படித்தால் தர்க்கத்தில் ஓட்டை சொல்வது கடினம். சைனா டவுனில் யாருக்காவது இந்த நயம் முன்பே கைகொடுத்திருக்குமா என்று மட்டும் தோன்றுகிறது. கன்ட்ரிவைட்டின் தலைவர் ஆஞ்செலோ மொசிலோ மீது குற்றவியல் வழக்கே வரவில்லை. பங்குச் சந்தை ஆணையத்தோடு 2010இல் 6.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தவறை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தொகையில் ஒரு பகுதியை நிறுவனத் தரப்பே கட்டியது.

அடிமட்டத்துப் பொய்க்கு ஒரு கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. மேல்மட்டத்துப் பொய் இலக்காக, ஊக்கத்தொகை அட்டவணையாக, அவசரப்படுத்தும் மின்னஞ்சலாகக் கிடக்கிறது. அதற்கு எண்ணம் கற்பிப்பது வழக்கறிஞர்களுக்குப் பெரும்பாடு. நெருக்கடியை ஒட்டி வந்த சட்டங்கள் இதை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டவை. வட்டியைக் கூட்டி விற்றால் கமிஷன் கூடும் என்ற பழைய ஏற்பாடு 2011 முதல் தடை செய்யப்பட்டது. அந்த விதியை மீறும் கடன் அதிகாரி, நேர்ந்த இழப்பையோ தாம் பெற்ற ஊதியத்தின் மூன்று மடங்கையோ, எது கூடுதலோ அதுவரை தம் கைப்பணத்திலிருந்து கொடுக்க நேரலாம். மோசடி போன்ற நேர்மையற்ற பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்குக் கடன் அதிகாரி உரிமம் எந்தக் காலத்திலும் கிடையாது. மற்றப் பெருங்குற்றங்களுக்கு ஏழு ஆண்டு போனால் போதும்.

2008இல் வந்த சட்டத்தின்படி கடன் அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அது மாறாது, விண்ணப்பத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும். வங்கி அல்லாத நிறுவனங்களில் வேலை செய்பவர் 20 மணி நேரப் பாடம் படித்து, தேர்வும் எழுத வேண்டும். வங்கி ஊழியருக்குத் தேர்வு இல்லை, கைரேகை கொடுத்துப் பதிவு செய்தால் போதும். மாதத்துக்கு இத்தனை கடன் என்று இலக்கு வைக்கும் வங்கி மேலாளர், விண்ணப்பம் எதையும் தாமே கைநீட்டி வாங்காதவரை, அந்தப் பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டியதில்லை.