ஆராய்ச்சி மணி ஒலிக்குமுன்

தேர்க்காலில் அகப்பட்டுக் கன்றொன்று மாண்ட கதையைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மைந்தன் ஊர்ந்த தேரில் அக்கன்று வீழ்ந்ததாகச் சேக்கிழார் பாடினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மகாவம்சமோ, அநுராதபுரத்தை நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட எல்லாளனின் மைந்தனை இதே குற்றத்துக்கு ஆளாக்குகின்றது. இரு கதைகளிலும் தாய்ப்பசு மணியை அசைக்கின்றது. இரு கதைகளிலும் மன்னன் தன் மகனையே தண்டிக்கின்றான். வகுப்பறையில் இக்கதையை ஆண்டுதோறும் சொல்லி, "நீதி என்றால் இதுவன்றோ!" என்று மாணவர்களோடு சேர்ந்து நாமும் வியந்து வந்திருக்கின்றோம்.

இப்பொழுது எமக்கோர் ஐயம் எழுகின்றது. மணி ஒலித்தபோது கன்று இறந்துவிட்டது. மகன் மாண்ட பின்னும் பசுவின் மடியிலே பால் கட்டித்தான் நின்றிருக்கும். சேக்கிழார் இறைவனைத் தோன்றச் செய்து கன்றையும் மைந்தனையும் உயிர்ப்பித்தார். மகாவம்சத்திலே மாண்டவர் மீளவில்லை. எமது வீதிகளிலும் மீள்வதில்லை. அவ்வாறாயின், உயிர் போன பின்னர் வழங்கப்படும் நீதி எத்துணை உயர்ந்ததாயினும், அது நீதியின் பிற்பாதி மட்டுமே. மணி ஒலிக்கவே இடமில்லாதவாறு தேரைச் செலுத்துவது அதன் முற்பாதியாகும். இந்த முற்பாதியைப் பற்றியே ஈண்டு நாம் சிந்திக்க விரும்புகின்றோம்.

கதைகள் இரண்டிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. மகாவம்சத்தின் கன்று தாயோடு வழியிலே படுத்துக் கிடந்தது. சேக்கிழாரின் கன்று எவரும் எதிர்பாராத வேளையில் துள்ளிப் பாய்ந்து சக்கரத்தினிடையே புகுந்தது. கண்முன் கிடந்ததைக் காணாது தேரைச் செலுத்தியவன் கவனம் சிதறியவன். மற்றவனோ, "அது குறுக்கே பாய்ந்தது, நான் என்ன செய்வேன்?" என்று கேட்கக் கூடியவன். விபத்து நிகழ்ந்த இடத்திலெல்லாம் நாம் இன்றும் கேட்கும் சொற்கள் இவையே. ஆயினும் பசு நின்ற இடத்திலே கன்றும் இருக்கும் என்பது அரசகுமாரனுக்குத் தெரியாததோர் இரகசியமா? பசுவின் பின்னே கன்று வரும். பந்தின் பின்னே பிள்ளை வரும். நின்ற பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு முதியவர் வருவார். இவற்றை முன்கூட்டி நினைந்து வேகத்தைத் தணிப்பதே தற்காப்போடு வாகனம் செலுத்துதல் என்பதன் சாரம்.

எமது ஊர்களுக்கு இது பழங்கதையன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 நெடுஞ்சாலை எம்மை ஊடறுத்தே செல்கின்றது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனக் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் ஊர்களுக்கு அதுவே நெடுவழி, அதுவே கடைத்தெரு, அதுவே பள்ளிக்கூடப் பாதை. தூரப் பயண பஸ்ஸும், நெல் ஏற்றிய உழவு இயந்திரமும், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளும், மத்ரசாவுக்குச் செல்லும் சிறுவரும் அதனையே பங்கிட்டுக் கொள்கின்றனர். இரவானதும் அத்தாரின் வெதுவெதுப்பை நாடி மாடுகள் வந்து படுக்கின்றன. எல்லாளன் காலத்து வழிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகமே.

பிறரைக் குறைகூறுமுன் எமது குறையையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் காலையில் மோட்டார் சைக்கிளிற் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி ஒலித்தது. அழைப்பவர் யாரெனக் குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தபோது, காற்றிற் பறந்த கொப்பித் தாளைத் துரத்தி வந்த சிறுமி ஒருத்தி, வெள்ளைச் சீருடையோடு, கையெட்டும் தூரத்தில் நின்றாள். பிறேக் பிடித்தது, வண்டி நின்றது. அவள் தாளை எடுத்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்" என்று முகம் மலர்ந்து ஸலாம் சொல்லிச் சென்றாள். தனக்காகவே நாம் வண்டியை நிறுத்தினோம் என்று அப்பிள்ளை எண்ணியிருக்க வேண்டும். அந்த ஸலாமுக்குப் பதில் சொல்ல எமக்கு நா எழவில்லை.

அன்று எமது கைகள் குற்றமற்றவையாய் இருந்தமைக்குக் காரணம் எமது நற்குணமன்று. அந்தத் தாள் ஓர் அடி இப்பால் விழாமையே. எம்மைப் போலவே குனிந்து பார்த்த வேறொருவர் இன்று சிறையில் இருக்கலாம். அவர் செய்ததும் நாம் செய்ததும் ஒரே செயல். விளைவு மட்டுமே வேறு. குற்றத்தை விளைவைக் கொண்டு மட்டும் அளக்கும் சமுதாயம், விபத்து நேராத ஒவ்வொரு நாளும் எம்மைப் போன்றோரை நல்லவர் என மன்னித்துவிடுகின்றது. அம்மன்னிப்பே அடுத்த விபத்துக்கு வித்தாகின்றது.

கணக்கு எளியது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். தொலைபேசியை இரண்டு விநாடி பார்ப்பவர் 28 மீற்றர் தூரத்தைக் கண்மூடிக் கடக்கின்றார். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும். தொலைபேசியைப் பயன்படுத்தும் சாரதி விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. கருவியைக் கையிற் பிடியாது காதிற் செருகிப் பேசுவதும் பெரிதாகப் பாதுகாப்புத் தருவதில்லையாம். ஏனெனில் இங்கே களவு போவது கையன்று, மனம். மனம் வேறிடத்தில் இருக்கையில், திறந்த கண்ணும் எதிரே நிற்பவரைக் காணத் தவறும்.

வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி, மிகுந்த சினத்தினும் தீது என்பது அவர் துணிபு. பொருட்பாலில் உள்ள அவ்வதிகாரம் அரசனை நோக்கியது. பிறர் உயிர் எவன் கையில் இருக்கின்றதோ அவனுக்கு மறக்கும் உரிமை இல்லை என்பதே அதன் நியாயம். இன்று வாகனத்தின் சுக்கானைப் பற்றும் ஒவ்வொருவரும் அந்தச் சிறு நேரத்துக்கு அரசரே. கொல்ல வேண்டுமென்ற எண்ணம் தமக்கு இல்லை என்பது அவருக்குப் போதிய விடையாகாது. கொல்லாதிருக்க வேண்டுமென்ற எண்ணம் இருந்ததா என்பதே வினா.

"வழியுரிமை என்னுடையது, பிறன் தவறுக்கு நான் ஏன் பணிய வேண்டும்?" என்று சில இளைஞர் கேட்பர். உரிமை பெரிதுதான். ஆயினும் வீதியில் யாவரும் சம வலிமை உடையோர் அல்லர். உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் மாள்கின்றனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கால்நடையாகவோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்கள். ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்தே. இரும்புக் கூட்டினுள் இருப்பவர் தவறினால் வெளியில் நடப்பவர் மாள்கின்றார். நடப்பவர் தவறினாலும் அவரே மாள்கின்றார். ஆகவே வலியவர் மெலியவரின் தவறுக்கும் இடம்விட்டுச் செல்வது அடிமைத்தனமன்று. குழந்தை குழந்தையாய் இருப்பதற்கும், முதியவர் மெதுவாய் நடப்பதற்கும் உள்ள உரிமையை ஒப்புக்கொள்வதேயாகும்.

இன்னொரு விடையும் எமது மக்களிடையே உண்டு: "எல்லாம் விதி." 2024 நவம்பர் 26 ஆம் திகதி, பெருவெள்ளத்தின்போது, காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரமொன்று நீரால் அள்ளுண்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உட்படப் பலர் மாண்டனர். அப்பிள்ளைகளின் பெற்றோர் இறைவனிடம் ஆறுதல் தேடுவதை எவரும் குறைகூற மாட்டார். ஆனால் வெள்ளம் வீதிக்கு மேலாகப் பாய்கையில் வாகனத்தைத் திருப்புவதும், அவ்வீதியை மூடுவதும், வெள்ளம் ஏறாவண்ணம் அதனை உயர்த்தி அமைப்பதும் மனிதர் செய்யத்தக்க காரியங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டுமென்ற நபிமொழியை எமது ஊரில் அறியாதவர் யார்? தமிழிலே விதி என்ற சொல்லுக்குச் சட்டம் என்றும் பொருள் உண்டு. முன்னதைப் பேணாதவரே பின்னர் ஊழைப் பழிக்கின்றனர்.

ஆயினும் சாரதி ஒருவரையே குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்பலாகாது. 2005 ஏப்ரல் 27 ஆம் திகதி, அலவ்வைக்கு அண்மையில் யாங்கல்மோதரை புகையிரதக் கடவையில் பஸ்ஸொன்று புகையிரதத்தோடு மோதுண்டு முப்பத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மற்றொரு பஸ்ஸோடு ஓட்டப் போட்டியில் ஈடுபட்ட நிலையிலேயே அப்பஸ் கடவைக்குள் நுழைந்தது. அப்போட்டியை அச்சாரதி ஒருவர் கண்டுபிடிக்கவில்லை. அன்றன்று சேரும் பயணக் காசைக் கொண்டே ஊதியம் பெறுபவருக்கு, முன்னே செல்லும் பஸ் ஒரு வாகனமன்று. தம் பிள்ளையின் சோற்றைத் தட்டிப் பறிக்கும் கை. இரவு முழுதும் கண்விழித்து லொறி ஓட்டுபவரிடம், "கவனமாய் ஓட்டுக" என்று பலகை எழுதி வைப்பதால் என்ன பயன்? அவருடைய கவனத்தை அவர் உறக்கத்தோடு சேர்த்து முதலாளி முன்னரே வாங்கிவிட்டார். எனவே நியாயமான மாதச் சம்பளமும், அளவான வேலை நேரமும், நடைபாதையும், ஒளிவிளக்கும் வீதிப் பாதுகாப்பின் பகுதிகளே. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997 இல், வீதி மரணம் எதுவும் ஏற்கத்தக்கதன்று எனக் கொள்கை வகுத்தது. மனிதர் தவறிழைப்பர், அத்தவறு மரணமாய் முடியாதவாறு வீதி அமைய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அங்கே வீதி மரணங்கள் இன்று பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன. நல்ல சாரதி பிறர் தவறுக்கு இடம்விடுவது போல, நல்ல அரசும் மக்கள் தவறுக்கு இடம்விட்டு வீதி அமைக்க வேண்டும்.

இதனால் எமது பொறுப்புக் குறைந்துவிட்டதென எவரும் எண்ண வேண்டாம். வீதி திருந்தும்வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே செல்வோம் என்பவர், சமுதாய மாற்றத்தைத் தம் சோம்பலுக்குப் போர்வையாக்குகின்றார். முன்னே செல்லும் வாகனத்துக்கும் எமக்கும் இரண்டு விநாடி இடைவெளி, தலையிற் கவசம், புறப்படுமுன் ஓசை அடக்கிப் பைக்குள் வைத்த தொலைபேசி: இவற்றுக்கு எந்தச் சட்டத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை வாயிலில் நடைபாதை கேட்டுக் கையெழுத்திடும் ஆசிரியரின் மோட்டார் சைக்கிளும் அவ்வாயிலில் மெதுவாகச் செல்லட்டும்.

மனுநீதிச் சோழனின் கதையை இனியும் நாம் வகுப்பிலே சொல்லத்தான் போகின்றோம். ஆனால் மன்னன் தேரேறிய இடத்தோடு கதையை முடிக்க மாட்டோம். "அந்தக் கன்று உயிரோடு வீடு திரும்ப யார் யார் என்னென்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்போம். தாளைத் துரத்திய அச்சிறுமியும் இப்போது எமது வகுப்பில் இருக்கின்றாள். அவள் கூறும் விடையை நாம் கவனமாகக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.